முதல்முறை எம்எல்ஏ தேர்தலில் நிற்பவருக்கு: பெங்களூரில் வாக்காளர் பட்டியல் முதல் செலவுக் கணக்கு வரை

2018, 2023 ஆகிய இரண்டு சட்டமன்றத் தேர்தல்களிலும் கிழக்கு பெங்களூரில் சுயேச்சையாக நின்றவர்களுக்குத் தேர்தல் ஏஜென்டாக வேலை பார்த்தேன். லிங்கராஜபுரம், அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அதன் பிறகு வந்து, "அண்ணா, நானும் நிக்கலாம்னு இருக்கேன், எங்கேருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டார்கள். பெரும்பாலும் பேனர் டிசைனைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். பேப்பர் வேலையைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். நான் பார்த்தவரை முதல்முறை நிற்பவர்கள் தடுக்கி விழுவது அந்தக் கடைசி வாரத்தில்தான்.

அதனால் இங்கே எதை முதலில், எதை அடுத்து செய்ய வேண்டும் என்ற வரிசையையே சொல்கிறேன். இது சுயேச்சைக்கும், பதிவு மட்டும் பெற்று அங்கீகாரம் பெறாத சிறு கட்சியின் வேட்பாளருக்கும் பொருந்தும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியில் சீட் கிடைத்தவருக்குப் பாதி வேலையைக் கட்சி வக்கீலே முடித்துவிடுவார்.

1. முதலில் உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கர்நாடக சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது நிறைந்திருக்க வேண்டும், இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், கர்நாடகத்தின் 224 தொகுதிகளில் ஏதாவது ஒன்றில் வாக்காளராக இருக்க வேண்டும். நம் ஆட்கள் சறுக்குவது இந்த மூன்றாவதில்.

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கூட ஓட்டை ஊரில் வைத்திருப்பார். தாத்தா வீட்டு ரேஷன் கார்டு, பொங்கலுக்குப் போகும்போது சேர்த்த பெயர் என்று அது கிருஷ்ணகிரியிலோ திருப்பத்தூரிலோ கிடக்கும். ஒரு தம்பி ஆறு மாதம் தெருத்தெருவாக வேலை செய்துவிட்டு, மனு கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் வாக்காளர் அட்டையை நீட்டினார். தமிழ்நாட்டு அட்டை. அன்றைக்கு எதுவும் செய்ய வழியில்லை. அந்தத் தேர்தலில் அவர் வேறொருவருக்கு பூத் ஏஜென்டாக உட்கார்ந்தார்.

இடம் மாறியதற்குப் படிவம் 8 கொடுக்க வேண்டும். முதன்முதலாகப் பெயர் சேர்ப்பவருக்குப் படிவம் 6. ஊரில் பெயர் இருக்கும்போதே இங்கே புதிதாகப் படிவம் 6 கொடுக்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு இடத்தில் ஓட்டு இருக்கக் கூடாது என்பது சட்டம், எதிராளி அதைத்தான் முதலில் தோண்டுவார். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேராது. விண்ணப்பித்தாலும் ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட்டு, வீட்டுக்கு வந்து விசாரித்துதான் சேர்ப்பார்கள். ஆறு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

பெயர் இருக்கிறது என்று தெரிந்தபின் நோட்டில் மூன்று எண்களை எழுதுங்கள்: தொகுதி எண், பாகம் எண், வரிசை எண். இனி எல்லாப் படிவத்திலும் இவற்றைக் கேட்பார்கள். துணைப் பட்டியல் வெளியானால் இந்த எண்கள் மாறலாம், மனுவுக்கு முதல் நாள் மறுபடியும் சரிபாருங்கள்.

2. தொகுதியை முடிவு செய்வது

உங்கள் ஓட்டு சர்வக்ஞநகரில் இருந்தாலும் சாந்திநகரில் நிற்கலாம். அப்படி வெளித்தொகுதியில் நின்றால், பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் சான்றளிக்கப்பட்ட நகலை மனுவோடு வைக்க வேண்டும், குறைந்தது பரிசீலனையின்போதாவது காட்ட வேண்டும். வாக்காளர் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டால் தருவார்கள். ஜெராக்ஸ் செல்லாது.

பெங்களூரில் தமிழர் நிறையப் பேர் வாழும் தொகுதிகளில் புலிகேசிநகரும் சி.வி.ராமன் நகரும் ரிசர்வ் தொகுதிகள், எஸ்.சி. வகுப்பினர் மட்டுமே நிற்க முடியும். கர்நாடகப் பட்டியல்படி எஸ்.சி. என்ற சான்றிதழ் வேண்டும். சாதியின் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கலாம், ஆனால் குடும்பம் 1950-க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தால் அங்கே வாங்கிய சான்றிதழ் இங்கே ரிசர்வ் தொகுதிக்கு உதவாது. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்த குடும்பம் என்றால், தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ், பழைய வேலைப் பதிவு என்று எதையாவது வைத்து தாசில்தாரிடம் வாங்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும், தேர்தல் அறிவித்தபின் ஓடிப் பயனில்லை.

அரசு வேலையில் இருப்பவர் ராஜினாமா செய்து அது ஏற்கப்பட்ட பிறகுதான் நிற்க முடியும். மாநில அரசோடு நேரடியாகப் பொருள் சப்ளை, கட்டுமான ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் வக்கீலைப் பாருங்கள், அதுவும் தகுதியிழப்புக்குக் காரணமாகலாம்.

3. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அறிவிக்கை வந்த ஏழாவது நாள் மனுவுக்குக் கடைசி. மறுநாள் பரிசீலனை. அதிலிருந்து இரண்டாம் நாள் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி. அதன் பிறகு குறைந்தது 14 நாள் கழித்து வாக்குப்பதிவு. இடையில் விடுமுறை வந்தால் தேதி தள்ளிப்போகும்.

2023-இல் ஏப்ரல் 13 அன்று அறிவிக்கை, 20 கடைசி நாள், 21 பரிசீலனை, 24 வாபஸ், மே 10 வாக்குப்பதிவு, மே 13 எண்ணிக்கை. பார்க்க எட்டு நாள் போலத் தெரியும். நடுவில் அம்பேத்கர் பிறந்தநாள், ஒரு ஞாயிறு. விடுமுறையில் மனு வாங்க மாட்டார்கள். மற்ற நாட்களிலும் காலை 11 முதல் மாலை 3 வரைதான் வாங்குவார்கள். சின்னம் கையில் வந்தபின் பிரச்சாரத்துக்குக் கிடைத்தது இரண்டு வாரம்தான்.

மூன்றாம் நாள் மனு கொடுப்பதாகத் திட்டம் போடுங்கள். ஏதாவது குறை சொன்னால் திருத்திக் கொடுக்க அப்போதுதான் நாள் இருக்கும்.

4. தனி வங்கிக் கணக்கு

மனு கொடுக்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் இருக்கலாம், தேர்தல் ஏஜென்டோடு கூட்டாகவும் இருக்கலாம். மனைவியோடு கூட்டுக் கணக்கு கூடாது, ஏற்கெனவே இருக்கும் சம்பளக் கணக்கும் கூடாது.

உங்கள் சொந்தப் பணமே என்றாலும் முதலில் இந்தக் கணக்கில் போட்டு, இதிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். செலவுக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். வங்கியில் ஆதார், பான் சரிபார்ப்பு, செக் புத்தகம் என்று ஒரு வாரம் போய்விடும். அறிவிக்கை வரும் வரை காத்திருக்காதீர்கள்.

5. முன்மொழிய பத்துப் பேர்

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும், பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பத்தில் ஒருவர் பக்கத்துத் தொகுதிக்காரர் என்று தெரிந்தால் மனு அத்தோடு போச்சு. எழுத்துப்பிழையை மனு வாங்கும் தேர்தல் அதிகாரி மன்னிக்கலாம். ஆள் குறைவதை மன்னிக்கச் சட்டத்தில் இடமில்லை.

பெங்களூரில் தொகுதி எல்லை தெருவுக்கு நடுவில் ஓடும். இந்தப் பக்கம் வீடு ஒரு தொகுதி, எதிர்வீடு இன்னொன்று. "நம்ம ஏரியாதான்" என்று யார் சொன்னாலும் நம்பாமல் பட்டியலைத் திறந்து பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் உங்கள் கண்ணால் பாருங்கள்.

கைநாட்டு வைக்கும் பெரியவர்களை முன்மொழிபவராகப் போட்டால் அவர்கள் அதிகாரி முன்னால்தான் விரல் வைக்க வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு வந்தால் செல்லாது. 2018-இல் எங்கள் பட்டியலில் ஒரு ஆயா இருந்தார், பூக்கடை வைத்திருந்தவர். இந்த விதி தெரிந்ததும் கடையை மருமகளிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் வராமல் போயிருந்தால் எங்கள் மனு ஒன்பது பேரோடு நின்றிருக்கும்.

ஒரு வேட்பாளர் ஒரு தொகுதியில் நான்கு மனு வரை கொடுக்கலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டெபாசிட் போதும். குறைந்தது இரண்டு செட் கொடுங்கள், இரண்டாவது செட்டில் வேறு பத்துப் பேரைப் போடுங்கள். முதல் செட்டில் ஒரு பெயர் அடிபட்டாலும் இரண்டாவது உங்களைக் காப்பாற்றும். நான் யாருக்குச் சொன்னாலும் இதை இரண்டு தடவை சொல்வேன்.

6. பிரமாணப் பத்திரம்

படிவம் 26. அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். உங்கள் பெயர், மனைவி அல்லது கணவர், கூட்டுக் குடும்பச் சொத்து, உங்களை நம்பி இருப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டம். பான் எண், கடைசி ஐந்து ஆண்டு வருமான வரி ரிட்டர்னில் காட்டிய வருமானம், கையிருப்பு, வங்கி, இன்ஷூரன்ஸ், வண்டி, நகை, நிலம், வீடு, கடன், வழக்கு, படிப்பு, சமூக ஊடகக் கணக்கு எல்லாம் வரும்.

ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லை என்றால் 'இல்லை' என்றோ 'பொருந்தாது' என்றோ எழுத வேண்டும், கோடு போட்டு விடுவது போதாது. 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: காலியாக விட்டால் அதிகாரி நினைவூட்டுவார், அதன் பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம்.

நம் ஆட்கள் விடுவது எவை என்று சொல்கிறேன். முதலாவது, ஊர் நிலம். பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பவர் அசையாச் சொத்து இல்லை என்று எழுதிவிடுவார். செய்யாறு பக்கம் அப்பா பெயரில் இருந்து, அப்பா போனபின் பங்கு பிரிக்காமல் கிடக்கும் அரை ஏக்கர் நினைவுக்கு வராது. வாரிசுப் பங்கு உங்களுக்கு உண்டு. சர்வே எண், பரப்பு, இன்றைய மதிப்பு, உங்கள் பங்கு எல்லாம் எழுத வேண்டும். பட்டா, சிட்டா நகலை முன்பே எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, நகை. மனைவியின் நகையை எடையோடும் மதிப்போடும் எழுத வேண்டும். அடகுக் கடையிலோ வங்கியிலோ இருந்தாலும் அது உங்கள் சொத்துதான், அந்த நகைக்கடன் கடன் பக்கத்தில் தனியாக வர வேண்டும். சீட்டு எடுத்துத் தவணை கட்டிக்கொண்டிருந்தால் அந்த பாக்கியும் கடன்.

மூன்றாவது, வழக்கு. செக் பவுன்ஸ் வழக்கை யாரும் கிரிமினல் வழக்கு என்று நினைப்பதில்லை. அது கிரிமினல் வழக்குதான். தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் நடந்தாலும் எழுத வேண்டும். தண்ணீர் கேட்டு மறியல் செய்ததற்குப் போட்ட எஃப்ஐஆர் நிலுவையில் இருக்கலாம், உங்களுக்கே நினைவிருக்காது. ஸ்டேஷனில் விசாரித்துவிட்டு எஃப்ஐஆர் எண், சட்டப் பிரிவு, நீதிமன்றம், வழக்கு எண் எல்லாம் வாங்குங்கள். மறைத்தால் தேர்தலுக்குப் பிறகும் அது துரத்தும்.

நிலுவை வழக்கோ தண்டனையோ இருந்தால், வாபஸ் நாளுக்குப் பிறகு மூன்று தடவை நாளிதழிலும் டிவியிலும் அதை நீங்களே விளம்பரமாக வெளியிட வேண்டும். முதல் நான்கு நாளுக்குள் ஒன்று, ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் ஒன்று, ஒன்பதாம் நாளிலிருந்து பிரச்சாரம் முடிவதற்குள் ஒன்று. இந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும், பட்ஜெட்டில் முன்பே ஒதுக்குங்கள்.

நிரப்பி முடித்ததும் நோட்டரியிடம் போங்கள். எல்லாப் பக்கத்திலும் உங்கள் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று புரட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு பக்கம் முத்திரை விடுபட்டு, கடைசி நாள் மதியம் ஒன்றரை மணிக்கு நோட்டரியைத் தேடி ஓடியது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

7. மனு கொடுக்கும் நாள்

கையில் இருக்க வேண்டியவை: வேட்புமனுவான படிவம் 2பி இரண்டு செட்டாவது, படிவம் 26, டெபாசிட், வாக்காளர் பட்டியல் நகல், எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண்ணை எழுதிய கடிதம், புகைப்படம். படம் 2 செ.மீ.க்கு 2.5 செ.மீ., வெள்ளைப் பின்னணியில், மூன்று மாதத்துக்குள் எடுத்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டாம். வாக்கு இயந்திரத்தில் ஒட்டும் தாளில் இந்தப் படம்தான் வரும்.

டெபாசிட் 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000. ரொக்கமாகக் கட்டலாம், கருவூலத்தில் கட்டி சலானையும் கொண்டுவரலாம். செக் வாங்க மாட்டார்கள்.

அலுவலகத்துக்கு 100 மீட்டருக்குள் மூன்று வண்டிக்கு மேல் போகக் கூடாது. உள்ளே உங்களோடு சேர்த்து ஐந்து பேர்தான். அந்த ஐவரில் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நம்மில் பலர் கன்னடம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவோம், படிக்க வராது. அங்கே தரும் நோட்டீஸ், குறைப்பட்டியல் எல்லாம் கன்னடத்தில் இருக்கலாம். புரியாமல் கையெழுத்துப் போடுவது ஆபத்து.

மனுவைக் கொடுத்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். உறுதிமொழி எடுக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள வாசகத்தை அதிகாரி முன்னால் படித்துக் கையெழுத்திட வேண்டும். மனு கொடுத்தபின்தான் எடுக்க முடியும், பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பரிசீலனையன்று காலையில் எடுத்தால் செல்லாது. மாலை போட்டு வெளியே ஆட்கள் காத்திருக்கும் அவசரத்தில் இது விட்டுப்போகும். எடுத்ததற்குச் சான்றிதழ் தருவார்கள், அதையும், குறைப்பட்டியலையும், மனு பெற்ற ரசீதையும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

8. பரிசீலனை, சின்னம், பெயர் வரும் வரிசை

பரிசீலனைக்கு நீங்கள், ஏஜென்ட், முன்மொழிந்தவரில் ஒருவர், வேறு ஒருவர் என நான்கு பேர் போகலாம். யாராவது ஆட்சேபம் சொன்னால் பதில் தர நேரம் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள்.

சின்னத்துக்கு மனுவிலேயே மூன்று விருப்பம் எழுத வேண்டும். பொதுச் சின்னங்களின் பட்டியலைப் பார்த்து, தூரத்திலிருந்து கறுப்பு வெள்ளையில் அடையாளம் தெரிகிறதா, ஒரே வார்த்தையில் தமிழிலும் கன்னடத்திலும் சொல்ல வருகிறதா என்று பாருங்கள். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் பதிவு பெற்ற கட்சிக்காரருக்கு முன்னுரிமை, சுயேச்சைகளுக்குள் என்றால் குலுக்கல்.

பெயர் வரிசையைப் பலர் கவனிப்பதே இல்லை. முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கன்னட அகர வரிசை. இனிஷியலைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், பெயரைத்தான் பார்ப்பார்கள். தமிழில் கணேசனும் கதிரவனும் ஒரே க. கன்னடத்தில் கதிரவன் க வர்க்கத்தின் முதல் எழுத்து, கணேசன் மூன்றாவது எழுத்து. பாலுவும் பழனியும் அப்படித்தான். உங்கள் பெயரைக் கன்னடத்தில் எப்படி எழுத வேண்டும், மக்கள் உங்களை எந்தப் பெயரில் அறிவார்கள் என்பதை இறுதிப் பட்டியல் தயாராகும் முன் எழுத்தில் கொடுங்கள். தெருவில் எல்லோருக்கும் 'மணி'யாக இருப்பவர் இயந்திரத்தில் சுப்பிரமணியனாக வந்தால் ஆட்கள் தேடித் திணறுவார்கள்.

ஓர் இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பொத்தான். வேட்பாளர்கள் அதிகமானால் இரண்டாவது இயந்திரம் வரும், சுயேச்சையின் பெயர் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஆகவே பட்டியல் வந்த அன்றே, "ரெண்டாவது மிஷின், மேலேருந்து மூணாவது" என்று சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். மாதிரி வாக்குச்சீட்டு அடிக்கலாம். அதில் உங்கள் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கட்டும், நிறமும் அளவும் அசல் போல இருக்கக் கூடாது.

9. பிரச்சாரம்

கூட்டம், ஊர்வலம், ஒலிபெருக்கி, வண்டி, தற்காலிக அலுவலகம் எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், 48 மணி நேரமாவது முன்பு கேளுங்கள். வண்டி அனுமதியின் அசலைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. துண்டுப் பிரசுரத்தில் அச்சகத்தின் பெயர் முகவரியும் வெளியிடுபவரின் பெயர் முகவரியும் இல்லாவிட்டால் அது குற்றம்.

இரண்டு வாரத்தில் தொகுதி முழுக்கச் சுற்ற முடியாது. இரண்டு லட்சம் வாக்காளர் என்றால் ஏறக்குறைய ஐம்பதாயிரம் வீடு. ஒரு குழு ஒரு நாளில் நூறு வீட்டில் நின்று பேசினாலே பெரிது. அதனால் 25 அல்லது 30 பூத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாகங்களின் பட்டியலைத் தெருவாரியாகப் பிரியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பட்டியல் இலவசம், உங்களுக்கு இல்லை. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலிருந்து இறக்கி அச்சடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் தண்ணீர் விடும் நேரத்துக்குப் போங்கள், குழாயடியில் அரை மணி நேரத்தில் பேசக் கிடைக்கும் ஆட்கள், மாலையில் கதவைத் தட்டினால் கிடைக்க மாட்டார்கள்.

இப்போது சொல்லப்போவதை நம் மக்கள் கவனமாகப் படிக்க வேண்டும். "தமிழன் தமிழனுக்கே ஓட்டுப் போடணும்" என்று ஒரு மேடையில் பேசிவிட்டால் அது வீரம் போலத் தோன்றும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவில் மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பேரில் ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மொழி மட்டுமல்ல, வாக்காளரின் மொழியைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்று தீர்ப்பு சொன்னது. ஜெயித்த தேர்தலே ரத்தாகலாம். தமிழில் பேசலாம், தமிழில் பிரசுரம் அடிக்கலாம், தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்று குறை சொல்லலாம். ஓட்டுக்குக் காரணமாக மொழியைச் சொல்லக் கூடாது. நண்பர்கள் உங்கள் பெயரில் வாட்ஸப்பில் அனுப்புவதையும் கவனியுங்கள். அந்த வாக்கியம் வேண்டியதும் இல்லை. சாக்கடை வழிந்து வீட்டுக்குள் வருவதைச் சொன்னால் கன்னடக்காரரும் உருதுக்காரரும் சேர்ந்து கேட்பார்கள்.

10. செலவுக் கணக்கு, அன்றன்றைக்கே

உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். முதல்முறை சுயேச்சை அதன் பக்கத்திலேயே போக மாட்டார், அதனால் கணக்கை அலட்சியம் செய்வார். செலவு குறைவாக இருப்பது வேறு, கணக்கு சரியாக இருப்பது வேறு.

மனு கொடுத்த நாளிலிருந்து முடிவு வரும் நாள் வரை எல்லாம் கணக்கு. முன்பே அடித்து வைத்த போஸ்டரை அந்த நாட்களில் பயன்படுத்தினால் அதுவும் சேரும். ஒரு நபருக்கோ கடைக்கோ மொத்தத் தேர்தலிலும் 10,000 ரூபாய் வரைதான் ரொக்கமாகத் தரலாம், மிச்சம் செக் அல்லது வங்கி வழியாக.

பதிவேட்டில் மூன்று பகுதி: வெள்ளைத்தாளில் அன்றாடச் செலவு, ரோஜா நிறத்தில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. பிரச்சாரக் காலத்தில் செலவைக் கண்காணிக்கும் அதிகாரிகளிடம் மூன்று தடவை காட்ட வேண்டும். அவர்களும் உங்களைப் பின்தொடர்ந்து வீடியோ எடுத்து, உங்கள் செலவைத் தாங்களே கணக்கிட்டு 'நிழல் பதிவேடு' எழுதுவார்கள். நாற்காலி, ஷாமியானா, டீ என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியல் வைத்திருப்பார். நண்பர் காரை இலவசமாகக் கொடுத்தாலும் பட்டியல் வாடகையை உங்கள் செலவில் எழுத வேண்டும். முதல் வேலையாக அந்த விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இரவு படுப்பதற்கு முன் கணக்கு எழுதும் ஒரே ஒரு ஆளை நியமியுங்கள், கோஷம் போடும் ஆள் அதற்குச் சரிப்பட மாட்டார்.

11. பூத், அப்புறம் எண்ணிக்கை

2023-இல் ஜெயநகர் தொகுதியை முடிவு செய்தது 16 ஓட்டு. பூத் வேலையை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தேர்தல் ஏஜென்டை நியமிக்கப் படிவம் 8, பூத் ஏஜென்டுக்குப் படிவம் 10, எண்ணிக்கை ஏஜென்டுக்குப் படிவம் 18. வாக்காளர் இடமாற்றத்துக்கான படிவம் 8 வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இணையத்தில் தப்பானதை இறக்கிக்கொண்டு வருவார்கள்.

எல்லா பூத்துக்கும் ஆள் கிடைக்காது, நீங்கள் வேலை செய்த பூத்துகளுக்குப் போடுங்கள். மாதிரி வாக்குப்பதிவு நிஜ வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஆரம்பிக்கும், 7 மணி என்றால் 5.30-க்கு ஆள் அங்கே இருக்க வேண்டும். மாலையில் அந்த பூத்தின் தலைமை அதிகாரியிடமிருந்து படிவம் 17சி நகலை வாங்காமல் திரும்பக் கூடாது. மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது, எந்த இயந்திரம் என்று அதில்தான் இருக்கும். எண்ணும் நாளில் மேஜைக்கு வரும் இயந்திரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இல்லை.

பூத்துக்கு வெளியே 100 மீட்டருக்கு அப்பால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போடலாம். அங்கே வாக்காளருக்குத் தரும் அடையாளச் சீட்டு வெறும் வெள்ளைத்தாளில் இருக்க வேண்டும், உங்கள் பெயரோ சின்னமோ கூடாது.

எண்ணிக்கை ஏஜென்ட் பட்டியலைப் புகைப்படத்தோடு மூன்று நாள் முன்பு மாலை 5 மணிக்குள் கொடுக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிந்த களைப்பில் சுயேச்சைகள் தவறவிடும் தேதி இது.

டெபாசிட் திரும்ப வர, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 1,20,000 ஓட்டு என்றால் 20,000-க்கு மேல். நோட்டா இந்தக் கணக்கில் வராது.

12. முடிவுக்குப் பின் 30 நாள்

தோற்றாலும் ஜெயித்தாலும், முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். பதிவேடு, பில்கள், வங்கி ஸ்டேட்மென்ட், உறுதிமொழி எல்லாம் சேர்த்து. கொடுக்காவிட்டாலோ முறைப்படி கொடுக்காவிட்டாலோ மூன்று ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கலாம்.

நானூறு ஓட்டு வாங்கிய ஒருவர், "இனி யார் கேக்கப்போறாங்க" என்று பில்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு பரண்மேல் வைத்துவிட்டார். நோட்டீஸ் வந்தபோது பாதி பில்லில் மை அழிந்திருந்தது. பெட்ரோல் பங்க், ஜெராக்ஸ் கடை பில்கள் வெப்பத்தாளில் அடித்தவை, சீக்கிரம் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, நகலும் எடுத்து, பதிவேட்டில் வவுச்சர் எண்ணோடு ஒட்டிவிடுங்கள். ஒப்படைத்ததும் தேதி போட்ட ரசீது வாங்கி, உறுதிமொழிச் சான்றிதழை வைத்த அதே ஃபைலில் சேருங்கள்.